கடற்கரை விடுமுறையும் பயணப் பெட்டியும்

வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றிற்குச் சென்று பத்து நாள் தங்கி வருவது, இன்று உலகில் பல கோடி மக்களுக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் இன்பமாகும். புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டில் ஒரு பரபரப்பு எழும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று ஆராய்வார்கள். நீராடும் உடை, துவாலை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, படிக்க ஒரு நூல், பாஸ்போர்ட் என்று பட்டியல் நீளும். இவ்வழக்கம் நெடுங்காலமாகவே இருந்து வருவது போல நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. மேனாட்டார் கடற்கரையை ஓய்விடமாகக் கொள்ளத் தொடங்கி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. அந்நாட்டு உழைப்பாளிகள் பெருந்திரளாக அயல்நாட்டுக் கடற்கரைகளுக்குச் செல்லத் தொடங்கியதோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

இந்த வரலாற்றை நான் பயணப் பெட்டியின் வழியே சொல்ல விரும்புகிறேன். ஒரு காலத்து மக்கள் கடலை நாடிச் சென்றபோது எதைக் கட்டி எடுத்துச் சென்றார்கள் என்று பார்த்தால், அவர்கள் ஏன் சென்றார்கள், யாரால் செல்ல முடிந்தது, யார் செல்ல முடியாமல் நின்றார்கள் என்பவையும் விளங்கிவிடும்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். கடலால் சூழப்பட்ட நாடாயினும், அந்நாட்டுச் செல்வர்கள் நெடுங்காலம் கடற்கரையை விரும்பவில்லை. அது மீனவர்க்கும் மாலுமிகளுக்கும் உரிய இடம். புயலும் கள்ளக் கடத்தலும் நிறைந்த இடம் என்றே எண்ணினர். அவர்களைக் கடலுக்கு அழைத்து வந்தவர்கள் மருத்துவர்கள். வடகிழக்குக் கரையிலுள்ள ஸ்கார்பரோ என்னும் ஊரில், நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட ஊற்று ஒன்று இருந்தது. ஊற்று நீர் குடிக்க வந்தவர்கள் அருகிலிருந்த கடலிலும் மூழ்கத் தொடங்கினர். 1735-ஆம் ஆண்டில் வரையப்பட்ட அவ்வூர்ப் படம் ஒன்றில், கடலோரத்தில் சக்கரம் பூட்டிய ஒரு மரக் கூண்டு காணப்படுகிறது. அதுவே குளியல் வண்டி. உள்ளே ஏறி உடை மாற்றிக்கொண்டால், குதிரை அதை நீருக்குள் இழுத்துச் செல்லும். பிறர் கண்ணில் படாமல் நீரில் இறங்கலாம்.

1750-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கழலை நோய்களுக்குக் கடல்நீர் மருந்தாகும் என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். கடல்நீரில் குளித்தால் மட்டும் போதாது, அதைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. சில ஆண்டுகளில் அவர் பிரைட்டன் என்னும் மீனவர் ஊரில் வீடு கட்டிக்கொண்டு மருத்துவம் செய்தார். நோயாளிகள் திரண்டனர். 1783-இல் பட்டத்து இளவரசர் ஜார்ஜ் அங்கு வந்தபின், மருந்து நாகரிகமாயிற்று. ஆகவே, முதன்முதலாகக் கடற்கரைக்குச் சென்றவன் இன்பம் நாடிச் சென்றவனல்லன், நோயாளி. அவன் பெட்டியில் முதலில் வைத்தது மருத்துவரின் சீட்டு.

கடல் கடந்து அயல்நாட்டுக் கரையை நாடியவர்களும் முதலில் நோயாளிகளே. டொபையாஸ் ஸ்மாலெட் என்பவர் புகழ்பெற்ற நாவலாசிரியர். தாமும் ஒரு மருத்துவர். 1763-ஆம் ஆண்டில் தம் ஒரே மகளைப் பறிகொடுத்தார். மனம் நொந்தும் நுரையீரல் நலிந்தும், மனைவியுடன் பிரான்சு வழியாக மத்திய தரைக்கடற் கரையிலுள்ள நீஸ் நகரை நோக்கிப் புறப்பட்டார். பிரான்சு நாட்டில் கால் வைத்ததுமே அவருடைய பெட்டிகளுக்குத் தடை வந்தது. சமயத்திற்கும் அரசுக்கும் மாறான கருத்துகள் இருக்குமோ என்ற ஐயத்தால், அவர் கொண்டுவந்த நூல்களைச் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்தனர். சோதனைக்காக அவற்றை வேறோர் ஊருக்கு அனுப்பும் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. நீஸ் நகரை அடைந்து, அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் கடலில் இறங்கியபோது, உள்ளூரார் வியப்புடன் பார்த்தனர். நோயாளி ஒருவர் கடலில் குதிப்பதா என்பது அவர்கள் கேள்வி. தம் அனுபவங்களை அவர் 1766-இல் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் பலர் நீஸ் நகர்க் குளிர்காலத்தை நாடலாயினர்.

குளிர்காலத்தை என்று கூறியதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வடநாட்டுப் பனிக்குத் தப்பி, இளவெயிலில் உலாவவே அவர்கள் சென்றனர். கோடை வந்ததும் ஊர் திரும்பிவிடுவர்; விடுதிகள் கதவடைக்கும். 1820-களின் தொடக்கத்தில் கடும் பனியால் நீஸ் பகுதியின் பழத் தோட்டங்கள் அழிந்து ஏழை மக்கள் வேலையின்றித் தவித்தனர். அப்போது லூயிஸ் வே என்னும் ஆங்கிலப் பாதிரியார் பொருள் திரட்டி, அவ்வேழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு நடைபாதை அமைக்கச் செய்தார். அதுவே ‘ஆங்கிலேயர் உலாச்சாலை’ என்ற பெயருடன் இன்றும் அந்நகரின் பெருமையாக விளங்குகிறது. உலவியவர்கள் செல்வர்கள், கல் சுமந்தவர்கள் பசித்தவர்கள். இந்த இரு சாராரையும் நாம் இவ்வரலாறு முழுவதும் சேர்த்தே காண வேண்டும்.

அருகிலுள்ள கான் நகரம் வளர்ந்த கதை வேறு. 1834-இல் பிரபு புரூம் என்பவர் இத்தாலிக்குச் செல்லும் வழியில் எல்லையில் தடுக்கப்பட்டார். காலரா நோய்க்கு அஞ்சி எல்லையை மூடியிருந்தனர். அவர் திரும்பி, கான் என்ற சிறிய மீனவர் ஊரில் தங்க நேர்ந்தது. அவ்வூர் பிடித்துப்போகவே, அங்கேயே மாளிகை கட்டினார். 1868-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவரைத் தொடர்ந்து ஆங்கிலப் பிரபுக்கள் பலர் அங்கு மாளிகைகள் எழுப்பினர். 1860-களில் கான், நீஸ் ஆகிய நகரங்களுக்கு இருப்புப்பாதை வந்ததும் கூட்டம் பன்மடங்காயிற்று.

அக்காலத்துச் செல்வரின் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். தங்குவது ஒரு வாரம் அன்று, சில மாதங்கள். காலைக்கு ஓர் உடை, மாலைக்கு ஓர் உடை, விருந்துக்கு ஓர் உடை. தொப்பிகள், கையுறைகள், குடைகள். பழைய பெட்டிகள், மழைநீர் வழிந்தோடுமாறு மேல்மூடி வளைந்தவையாக இருந்தன. 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லூயி விட்டோன், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கத்தக்க தட்டை மூடியுள்ள டிரங்குப் பெட்டியைச் செய்தார். இரயில் வண்டிக்கும் கப்பலுக்கும் அது மிகப் பொருத்தமாயிற்று. ஆயினும் அதைத் தூக்குவதற்கு ஆள் வேண்டும். பெட்டியின் எடையே உடையவரின் தகுதிக்கு அளவாக இருந்த காலம் அது. விக்டோரியா அரசியார் 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸ் நகரில் தங்கினார். ‘பால்மோரல் சீமாட்டி’ என்ற மாற்றுப் பெயரில் பயணம் செய்தார். உடன் சென்ற பரிவாரமோ மிகப் பெரிது. அப்பெயர் யாரை மறைத்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இந்த உலாச்சாலை மோகம் நம் ஊரையும் தொட்டது. சென்னை ஆளுநராக 1881 முதல் 1886 வரை இருந்த கிராண்ட் டஃப் என்பவர், கடலோரமாக உலாச்சாலை அமைத்து, தாம் முன்பு சிசிலித் தீவில் கண்ட கடற்கரையின் நினைவாக அதற்கு ‘மெரினா’ என்று பெயரிட்டார். நாம் நாள்தோறும் வழங்கும் அச்சொல், ஒருவருடைய வெளிநாட்டு விடுமுறையின் நினைவு நம் மண்ணில் விட்டுச் சென்ற அடையாளமாகும்.

இனி, போக முடியாமல் நின்றவர்களைப் பார்ப்போம். 1841-இல் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கும், 1846-இல் வடமேற்குக் கரையிலுள்ள பிளாக்பூலுக்கும் இருப்புப்பாதை வந்தது. கட்டணம் குறைந்ததால் தொழிலாளியும் கடலைக் காண வழி பிறந்தது. ஆனால், நாள் வேண்டுமே! 1871-இல் ஜான் லபக் என்பவரின் முயற்சியால் இயற்றப்பட்ட சட்டம், வங்கிகளுக்கு ஆண்டில் சில நாட்களைப் பொது விடுமுறையாக்கியது. அதன் பயன் பிற தொழிலாளர்க்கும் பரவியது. லங்காஷயர் மாவட்டத்துப் பஞ்சாலை ஊர்களில், கோயில் விழாவை ஒட்டி ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலைகளை மூடும் வழக்கம் இருந்தது. அந்த வாரத்தில் ஊரே திரண்டு பிளாக்பூலுக்குச் செல்லும். ஆலை மூடியிருந்தமையால் கூலி கிடையாது. ஆகவே ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சிறு தொகை கட்டிச் சேமித்தார்கள்.

அவர்களுடைய பெட்டியில் என்ன இருந்தது? சோறுதான் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். அந்நாளைய தங்கும் விடுதிகள் பலவற்றில் அறைக்கு மட்டுமே வாடகை. உணவுப் பொருள்களை விருந்தினரே கொண்டுவர வேண்டும், அல்லது வாங்கித் தர வேண்டும். விடுதித் தலைவி சமைத்துக் கொடுப்பாள். மேசையில் வைக்கும் உப்புக்கும் மிளகுக்கும் தனிக் கட்டணம் வாங்கிய விடுதிகளும் உண்டு. ஒரு கட்டிலில் பலர் படுத்தனர். ஆயினும், புகைக் கூண்டுகளின் நிழலிலேயே வாழ்ந்த அம்மக்களுக்கு அந்த ஏழு நாள் பெருவாழ்வாக இருந்தது. மணலில் குழந்தைகள் கோட்டை கட்டினர். பெரியோர் கடற்பாலத்தில் உலவிப் பேண்டு வாத்தியம் கேட்டனர். வெளிநாட்டுக் கடற்கரை என்பதோ அவர்கள் கனவிலும் இல்லை.

அக்கனவுக்கு வழி திறந்தது சட்டம். இதனை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1936-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்து ஆலைகளுக்குள்ளேயே தங்கினர். புதிதாகப் பதவியேற்ற லியோன் புளூம் அரசாங்கம், ஜூன் 20-ஆம் நாள் ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டில் இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை என்பது அச்சட்டம். ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்ற லியோ லாக்ராஞ்சு, தொழிலாளர் குடும்பங்களுக்கு இரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு குறைத்துத் தனிச் சீட்டு வழங்கச் செய்தார். அவ்வாண்டில் மட்டும் 5 லட்சத்திற்கும் மேற்பட்டோர் அச்சீட்டைப் பயன்படுத்தினர். இரயிலுக்கும் பணம் இல்லாதோர், இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டவர்கள் அவர்களுள் பலர். செல்வர்களுக்காக வாழ்ந்த ஊர்களில் அவர்களைக் கண்டு முகம் சுளித்தோரும் உண்டு. லாக்ராஞ்சு 1940-இல் போர்முனையில் உயிர் துறந்தார். அவர் கொடுத்த சீட்டின் நினைவு பிரெஞ்சு மக்களிடையே அழியவில்லை.

அதே 1936-இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஊதிய விடுமுறை பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 1938-இல் பிரிட்டனும் இது குறித்துச் சட்டம் செய்தது. 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வையும் ஊதிய விடுமுறையையும் மனிதனின் உரிமைகளாகக் கூறிற்று. நம் நாட்டில் அதே ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும், உழைத்த நாட்களுக்கேற்ப ஆண்டு விடுமுறையை ஊதியத்துடன் அளிக்க விதித்தது.

இக்காலத்திலேயே கடற்கரை இன்பத்தின் தன்மையும் மாறிற்று. முன்பு வெயில் படாத வெளுத்த மேனியே செல்வத்தின் அடையாளம். வயலில் உழைப்பவர்தாம் கறுத்திருப்பர். ஒளியால் தோல் நோயைத் தீர்க்கும் முறையைக் கண்ட நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெயில் மருந்து என்ற எண்ணம் பரவிற்று. உழைப்பாளிகள் ஆலைக்குள் அடைபட்டு வெளுத்தபின், மேனி கறுத்திருப்பதே ஓய்வு உள்ளவரின் அடையாளமாயிற்று. 1923-இல் பிரெஞ்சுக் கரையில் ஆந்தீப் என்னுமிடத்து விடுதியொன்று, அமெரிக்கத் தம்பதியர் இருவரின் வேண்டுகோளால் முதன்முறையாகக் கோடையிலும் திறந்திருந்தது. குளிர்காலத்து ஓய்விடம் கோடை விளையாட்டிடமாக மாறத் தொடங்கியது. குடையும் கையுறையும் பெட்டியிலிருந்து வெளியேறின. எண்ணெய்ப் புட்டி உள்ளே புகுந்தது. அளவு மீறிய வெயில் தோலில் புற்றுநோய் விளைவிக்கும் என்ற தெளிவு பின்னரே பரவியது. இன்று நாம் எடுத்துச் செல்லும் களிம்பு, கறுப்பதற்கன்று, காத்துக்கொள்வதற்கே.

போர் முடிந்தபின் விமானம் வந்தது. விளாடிமிர் ரெயிட்ஸ் என்னும் இளைஞர் இலண்டனில் செய்தி நிறுவனமொன்றில் பணியாற்றியவர். பாட்டி விட்டுச் சென்ற பணத்தை முதலாகக் கொண்டு, 1950-இல் கோர்சிகாத் தீவின் கால்வி என்ற ஊருக்கு விமானம் ஏற்பாடு செய்தார். விமானக் கட்டணம், கூடாரத்தில் தங்குமிடம், உணவு எல்லாம் அடங்க இரண்டு வாரத்திற்கு 32 பவுன் 10 ஷில்லிங். நீஸ் நகருக்கு விமானத்தில் போய்வரும் கட்டணத்தில் அது பாதிக்கும் குறைவு. ஆனால் அரசாங்கம் ஒரு கட்டுப்பாடு விதித்தது: மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டுமே அழைத்துச் செல்லலாம்! ஆகவே, இன்று உலகெங்கும் பரவியுள்ள இம்முறையின் முதற்பயணிகள் உங்களைப் போன்ற மாணவர்களும் அவர்களின் ஆசிரியர்களுமே. இங்கிலாந்தில் இறைச்சி 1954 வரை பங்கீட்டில் இருந்தது. கால்வியிலோ இருவேளையும் இறைச்சி உணவு கிடைத்தது. கடலைவிட அதுவே பெரிய கவர்ச்சியாக இருந்திருந்தால் வியப்பில்லை. அதே 1950-இல் பெல்ஜியம் நாட்டு ஜெரார் பிளிட்ஸ் என்பவரும் மயோர்க்காத் தீவில் கூடாரங்கள் அமைத்து விடுமுறை முகாம் நடத்தினார்.

இவற்றின் விளைவை ஸ்பெயின் நாட்டில் காணலாம். 1960-இல் அங்கு வந்த வெளிநாட்டார் சுமார் 60 லட்சம். 1970-இல் அவர்கள் தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். மீன் பிடித்து வாழ்ந்த பெனிதோர்ம் என்னும் ஊர், அடுக்கு மாளிகைகளின் நகரமாயிற்று.

விமானத்தில் எடைக்கு வரம்பு உண்டு. டிரங்குப் பெட்டி மறைந்தது, பணியாளும் மறைந்தான், தன் சுமையைத் தானே தூக்கும் பயணி தோன்றினான். 1970-இல் அமெரிக்கப் பெட்டி நிறுவனமொன்றில் பணியாற்றிய பெர்னார்டு சாடோ, அருபாத் தீவில் குடும்பத்துடன் விடுமுறையைக் கழித்துவிட்டு, இரண்டு கனத்த பெட்டிகளுடன் திரும்பினார். விமான நிலையத்தில் ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். பெட்டிக்கும் சக்கரம் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1972-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆண்மகன் பெட்டியை உருட்டிச் செல்வதா என்று கூறிக் கடைக்காரர்கள் பலர் முதலில் மறுத்தனராம்! 1987-இல் விமானி ராபர்ட் பிளாத் என்பவர், நிமிர்த்தி இழுக்கும் கைப்பிடியுள்ள பெட்டியை அமைத்தார். இன்று நாம் இழுத்துச் செல்வது அதன் வழித்தோன்றலே.

இனி, இன்றைய நிலை பற்றிச் சில சொற்கள். உரிமை பரவியதும் புதிய கேள்விகள் பிறந்தன. 2024-இல் மயோர்க்காத் தீவின் மக்கள், விருந்தினர் கூட்டத்தால் வீட்டு வாடகை ஏறித் தங்கள் ஊரிலேயே தாங்கள் குடியிருக்க இயலவில்லை என்று தெருவில் ஊர்வலம் போனார்கள். பசிபிக் கடலிலுள்ள பலாவு நாடு, பவளப் பாறைகளுக்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருள்கள் கலந்த வெயிற் களிம்புகளை 2020 முதல் தடை செய்துள்ளது. பெட்டியில் வைக்கும் சிறு புட்டியும் பிறர் கடலைக் கெடுக்கக்கூடும் என்பதை அச்சட்டம் உணர்த்துகிறது. ஸ்பெயின் நாட்டு விடுதிகளில் அறை துப்புரவு செய்யும் பெண்கள் ‘லாஸ் கெல்லீஸ்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, குறைந்த கூலிக்கும் முதுகு ஒடியும் வேலைக்கும் எதிராகக் குரல் எழுப்பி வருகின்றனர்.

எனவே, மாணவர்களே, உங்களுள் எவரேனும் பிற்காலத்தில் வெளிநாட்டுக் கடற்கரைக்குப் புறப்படும்போது, பெட்டி இலேசாக இருக்கட்டும். போகும் நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். அவ்வூர் மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கடலில் இறங்கி நன்றாக ஆடுங்கள், மகிழ்ச்சியாக இருங்கள். கையில் உள்ள அந்தப் பத்து நாட்களை உங்களுக்கு ஈட்டித் தந்தவர்கள், கூலியின்றி ஒரு வாரம் ஓய்ந்த ஆலைத் தொழிலாளிகளும், 1936-இல் ஆலைக்குள் அமர்ந்து போராடியவர்களும் ஆவர். காலையில் உங்கள் அறையைக் கூட்டிப் படுக்கை விரிக்க வரும் பெண்ணிடம் இரண்டு சொல் பேசுங்கள். அவளுக்கும் ஆண்டில் சில நாள் ஊதியத்துடன் ஓய்வு உண்டா, அவள் குழந்தைகளும் மணலில் விளையாட நேரம் பெறுகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.